விறகுக்கட்டும் சிங்கவால் குரங்கும்

1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு நடந்தது. அழைத்த நாட்டின் பிரதமரைத் தவிர அங்கே போன பிரதமர் இந்திரா காந்தி ஒருவர்தான். வறுமையை மறந்துவிட்டு இயற்கையைக் காக்க முடியாது என்று வாதிட்டார். அதே ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

சேரன்மகாதேவிக்குத் தென்மேற்கே இருக்கிற களக்காட்டு மலை, 1976இல் சிங்கவால் குரங்குக்கான சரணாலயமானது. நெருக்கடிநிலைக் காலம், தமிழகத்தில் தி.மு.க. ஆட்சியைக் கலைத்துவிட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி. அதே ஆண்டின் 42ஆவது திருத்தம் காட்டை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் பொறுப்பு என்றும் எழுதியது. நல்ல வாசகம்தான். காடு நின்றது, பச்சையாறு அங்கிருந்துதான் இறங்கித் தாமிரபரணியில் சேர்கிறது. அந்தப் பெருமையை இந்திராவுக்குக் கொடுக்க எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் அடிவாரத்தில் விறகு பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து உலை வைத்தவளை யார் கேட்டார்கள்? வெள்ளைக்காரனின் 1882 வனச் சட்டமே அவளை மடக்கியிருந்தது. சரணாலயம் பிடியை இறுக்கியது. வறுமையைப் பற்றிப் பேசியவரும் ஒரு பெண் என்பதுதான் உறுத்துகிறது.

1988இல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து புலிகள் காப்பகமாயின. வனத்துறை ஊர்ப் பெண்களைக் குழுவாகக் கூட்டி, விறகுக்கு மாற்று அடுப்பும் தொழிலுக்குக் கடனும் பேசியது 1990களில், உலக வங்கிப் பணம் வந்தபோதுதான். ஸ்டாக்ஹோம் பேச்சுக்கு அதற்குள் இருபது வயது தாண்டியிருந்தது.