கழித்தனவும் கலையும்

பழுதற்றதே அழகு என்பது வெறும் இரசனை சம்பந்தப்பட்ட கருத்தெனவே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அக்கருத்து ஓர் அரசின் சட்டமாகவும் ஆகக்கூடும் என்பதை, குர்ட் சுவிட்டர்ஸ் என்ற ஜேர்மனியக் கலைஞரின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

1887இல் ஹனோவர் நகரிற் பிறந்த சுவிட்டர்ஸ், டிரெஸ்டன் கலைக்கழகத்தில் முறைப்படி ஓவியம் பயின்றவர். முதலாம் உலகப்போரில் ஜேர்மனி தோற்றுப் பசியும் குழப்பமும் சூழ்ந்த நாட்களில், தெருவிற் கிடந்தவற்றைப் பொறுக்கத் தொடங்கினார். ட்றாம் ரிக்கற்றுகள், கிழிந்த விளம்பரத் தாள்கள், துருவேறிய கம்பி, உடைந்த சில்லு, பலகைத் துண்டு ஆகியவற்றைப் பலகையில் ஒட்டியும் ஆணியறைந்தும், மேலே வர்ணம் தீட்டியும் படங்களாக்கினார். வங்கியொன்றின் விளம்பரத்தில் இருந்த ‘கொமேர்ஸ்’, அதாவது வணிகம், என்ற சொல்லிலிருந்து ‘மேர்ஸ்’ என்ற துண்டு மட்டும் ஒரு படத்தில் எஞ்சிற்று. அதையே தம் கலைக்குப் பெயராக்கினார். வணிகத்தைக் கிழித்தெடுத்த பெயர்! இதிலும் பொருத்தமானதொன்றை நாம் எண்ணிப்பார்க்க இயலவில்லை.

இப்படங்களில் எதுவும் புதிதாக்கப்படவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. ரிக்கற்றில் விழுந்த துளை, தாளின் மடிப்பு, மரத்தின் வெடிப்பு யாவும் அப்படியே விடப்பட்டன. பெயரறியா மனிதர் கைகளில் அப்பொருள்கள் உழைத்துத் தேய்ந்த தடயங்கள் அவை.

சுவிட்டர்ஸ் புரட்சியாளரல்லர். பேர்லின் டாடா இயக்கத்தினருள் முதன்மையானவரான ஹுல்சன்பெக் அவரை நடுத்தர வர்க்கத்து மனிதரென எள்ளினார். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஹிட்லர் ஆட்சி அவரைத் தன் பகைவருள் ஒருவராகவே கண்டது.

1933ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பரம்பரை நோயுடையோரெனத் தீர்மானிக்கப்பட்டோரைப் பலவந்தமாக மலடாக்க வழிசெய்தது. அதன் பட்டியலில் வலிப்பு நோயும் இருந்தது. சுவிட்டர்ஸ் இளமை முதலே வலிப்பு நோயாளி. 1937இல் மியூனிச் நகரில் ‘சீரழிந்த கலை’ என்ற பெயரில் நடத்தப்பட்ட கண்காட்சியில் அவருடைய படங்களும் ஏளனத்துக்கு வைக்கப்பட்டன. பழுதுள்ள படத்தையும் பழுதுள்ள உடலையும் ஒரே கை கழித்து எறிந்தது.

அவ்வாண்டின் தொடக்கத்திலேயே நோர்வேக்குச் சென்றுவிட்ட அவர், 1940இல் ஜேர்மனியப் படை அங்கும் நுழையவே பிரித்தானியாவுக்குத் தப்பினார். அங்கோ, ஜேர்மனியர் என்பதனால் ஐல் ஒவ் மான் தீவின் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். முகாமிற் கிடைத்த ஓட்ஸ் கஞ்சியைக் கொண்டே சிற்பம் செய்தார். அவை பூஞ்சணம் பிடித்து நாறின என்பர். ஹனோவரில் ஆண்டுக்கணக்காக அவர் வளர்த்தெடுத்த வீட்டுச் சிற்பமோ 1943இல் நேசநாடுகளின் குண்டுவீச்சில் அழிந்தது.

1947இல், நோயுற்ற உடலுடன், இங்கிலாந்தின் எல்ரர்வோட்டர் கிராமத்துக் கற்கொட்டிலொன்றின் சுவரில் இறுதிப் படைப்பைத் தொடங்கினார். முரட்டுச் சாந்தினுள் பூவாளியின் முகப்பு, சிறுபிள்ளையின் பந்து, மரவேர் என்பன பதிந்துள்ளன. வேலை முடியவில்லை. 1948 ஜனவரி 8ஆந் திகதி அவர் காலமானார். அவருக்குப் பிரித்தானியக் குடியுரிமை வழங்கப்பட்டதோ அதற்கு முந்திய நாள். அச்சுவர் 1965இல் பெயர்த்தெடுக்கப்பட்டு நியூகாசில் பல்கலைக்கழகக் கலைக்கூடத்திற் சேர்க்கப்பட்டது.

அவர் ஒட்டிய செய்தித்தாள்கள் மலிவான மரக்கூழிற் செய்யப்பட்டவை. ஒளி பட்டால் மஞ்சளாகிப் பழுப்பேறும் தன்மையன. குப்பைக்கூடைக்கு உரியனவாயிருந்த அத்துண்டுகளுக்காக, காட்சிச்சாலைகளில் இன்று விளக்கைத் தணித்து வைக்கின்றனர்.