மோர்ஸ் கீயர்: வீட்டுத் தயாரிப்பு

மோர்ஸ் கீயர் என்பது, ஹாம் வானொலியாளர் பேடில் எனும் விரல் நெம்புகோலைத் தொட்டதும் மோர்ஸ் குறியீட்டின் புள்ளிகளையும் கோடுகளையும் பிசகாத கால அளவில் உண்டாக்கித் தரும் சிறு மின்னணுக் கருவி. சாதாரணக் கீயில் ஒவ்வொரு குறியின் நீளமும் கையின் பொறுப்பு. கீயரில் எந்தக் குறி வேண்டும் என்பதை மட்டும் விரல் சொன்னால் போதும். புள்ளி ஓர் அலகு, கோடு மூன்று அலகு. எழுத்துக்குள் இடைவெளி ஒன்று, எழுத்துகளுக்கிடையே மூன்று, சொற்களுக்கிடையே ஏழு. 1200-ஐ நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற எண்ணால் வகுத்தால் புள்ளியின் நீளம் மில்லி விநாடியில் வரும். 12 சொல் வேகத்தில் அது 100.

1970-களில் கர்ட்டிஸ் 8044 சில்லு செய்த வேலையை இன்று ஆர்டுயினோ நானோ பலகை செய்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ் ஹாம் வானொலிக் கருவியில் கீயர் உள்ளேயே இருக்கிறது. அவருடைய முந்தைய பிட்எக்ஸ் சுற்றில் குழாய் வாஷர் மீதே கம்பிச்சுருள் சுற்றினார்கள். கடைத்தெருவில் கிடைப்பதைக் கொண்டு வானொலி கட்டலாம் என்ற துணிச்சலை இந்திய ஹாம்களுக்கு அது தந்தது. கீயர் கட்டுவோருக்கும் அதுவே நல்ல வழி.

பேடிலுக்கு ஒரு ஹாக்சா பிளேடு போதும். இரண்டாக உடைத்து, பல்லைத் தேய்த்து, பக்கத்தில் நிறுத்திய போல்ட்டில் அது படும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட வேண்டும். இல்லையேல் மின்னிணைப்பு விட்டுவிட்டு வரும். இரு பிளேடுகளும் தரை இணைப்பு. இரு போல்ட்டுகளிலிருந்து கம்பி நானோவின் இரண்டு பின்களுக்குப் போகும். தொடுமுனை துள்ளுவதால் ஒரு தொடல் பலவாகப் பதிவாகாதிருக்க, முதல் சில மில்லி விநாடிகளை நிரல் புறக்கணிக்க வேண்டும். வெளியீட்டில் ஆப்டோகப்ளர் வைத்தால் பலகையும் டிரான்ஸ்மிட்டரும் மின்சார வகையில் தனித்தனியே நிற்கும்.

குறைந்த மின்சாரத்தில் வெகுதொலைவு போவது மோர்ஸின் பெரும் பலம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிச் சேரும் கொல்லிமலை போன்ற இடத்துக்கு 5 வாட் டிரான்ஸ்மிட்டர், சிறு பேட்டரி, 7 மெகாஹெர்ட்ஸ் இருமுனை ஆன்டெனாவுக்கான சுமார் 20 மீட்டர் கம்பி ஆகியவை தோள்பையில் அடங்கும். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் அங்கே கம்பி கட்ட உதவும். அலைபரப்ப அரசின் உரிமம் கட்டாயம். பஸ்ஸரில் பழக உரிமம் தேவையில்லை.

ஆன்டெனா பக்கத்திலேயே இருந்தால், அலை ஆற்றல் பேடில் கம்பியில் ஏறிக் கேட்காத புள்ளிகளைக் கீயர் தானாகவே அனுப்பக்கூடும். பேடில் பின் ஒவ்வொன்றுக்கும் தரைக்கும் இடையே 103 எண்ணிட்ட செராமிக் கெபாசிட்டர், கம்பியில் ஃபெரைட் வளையம், கூடியவரை குட்டையான வயர் ஆகியவை இதற்குத் தீர்வு.