சம்பளமில்லாத நாளில் கற்ற தொழில்: ஐடா லுப்பினோவின் வரலாறு



1949ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'நாட் வாண்டட்' என்னும் திரைப்படம் வெளிவந்தது. இயக்கியவர் எல்மர் கிளிஃப்டன் என்று திரையில் எழுத்து விழுந்தது. ஆனால், படப்பிடிப்புத் தொடங்கிய வேளையில் அவருக்கு மாரடைப்பு வந்துவிட்டது. அவர் விட்ட இடத்தில் நின்று படத்தை இயக்கி முடித்தவர் ஒரு பெண்மணி. நோயுற்றிருந்த மூத்த இயக்குநரின் பெயரே படத்தில் நின்றது. அந்தப் பெண்மணி இயக்குநர் என்று தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. அவர்தாம் ஐடா லுப்பினோ. நடிகையாகப் பேர் பெற்று, பின் இயக்குநராக உயர்ந்த அவருடைய வரலாற்றை இன்று காண்போம்.

ஐடா லுப்பினோ 1918ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை ஸ்டான்லி லுப்பினோ புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர். தாயும் நாடக நடிகையே. பரம்பரை பரம்பரையாக மேடையையே நம்பி வாழ்ந்த குடும்பம் அது. 1932ஆம் ஆண்டில், 14 வயதிலேயே ஐடா ஓர் ஆங்கிலப் படத்தில் முக்கிய வேடம் ஏற்றார். அடுத்த ஆண்டே ஹாலிவுட்டின் பாரமவுண்ட் நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது.

அங்கே போன மறு ஆண்டு, 1934இல், இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. அந்நாளில் அதற்குத் தடுப்பூசி கிடையாது. நல்லகாலமாக அவர் தேறினார். ஆயினும் அந்த நோயின் நினைவு அவர் மனத்தைவிட்டு நீங்கவில்லை. அது பின்னர் எப்படிப் பயன்பட்டது என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

1940ஆம் ஆண்டு வாக்கில் அவர் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமானார். 1941இல் வந்த 'ஹை சியாரா' படத்தில், பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஹம்ஃப்ரி போகார்ட்டின் பெயருக்கு முன்னால் ஐடாவின் பெயர்தான் போடப்பட்டது. 'தி ஹார்ட் வே' படத்தில் நடித்ததற்காக, 1943ஆம் ஆண்டின் சிறந்த நடிகையென நியூயார்க் திரைப்பட விமர்சகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இவ்வளவு புகழ் இருந்தும் அவர் சுதந்திரமாக இருந்தாரா? இல்லை. அக்காலத்து ஹாலிவுட் நடிகர்கள் ஏழாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள். ஒப்பந்தம் என்ற சொல்லின் கனத்தை நம் பாட்டன் பூட்டன்மார் அறிவார்கள். நட்சத்திரத்தின் வாழ்வும் தொழிலாளியின் வாழ்வும் ஒன்றல்ல. ஆனாலும் கட்டு கட்டுதான். நிறுவனம் கொடுக்கும் வேடத்தை மறுத்தால் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்கள், சம்பளமும் கிடையாது. அப்படிக் கழிந்த நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டிக்கொள்வதும் வழக்கமாக இருந்தது. ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகை வழக்காடி, 1944இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்ற பிறகே அந்த வழக்கம் ஒழிந்தது.

ஐடாவும் பிடிக்காத வேடங்களை மறுத்தார்; தண்டிக்கப்பட்டார். அந்த நாட்களில் அவர் செய்த காரியந்தான் நாம் கவனிக்க வேண்டியது. அவர் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. படப்பிடிப்புத் தளத்துக்குப் போனார். இயக்குநர் எங்கே நிற்கிறார், ஒளிப்பதிவாளர் விளக்கை எங்கே வைக்கிறார், படத்தை வெட்டி ஒட்டுபவர் எதை நீக்குகிறார், எதை வைக்கிறார் என்று பார்த்துப் பார்த்துக் கற்றார். அவரைத் தண்டிக்கக் கொடுத்த ஓய்வு, அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

1947இல் வார்னர் நிறுவனத்தை விட்டு விலகினார். கணவர் காலியர் யங்குடன் சேர்ந்து சொந்தப் பட நிறுவனம் தொடங்கினார். கையில் முதல் குறைவு. எனவே பெரிய நட்சத்திரங்களைத் தேடாமல் புதுமுகங்களை நடிக்க வைத்தார். இயன்றவரை உண்மையான தெருக்களிலும் கட்டடங்களிலும் படமெடுத்தார். பிறர் பேசத் தயங்கிய கதைகளையே தேர்ந்தெடுத்தார்.

நாம் தொடக்கத்தில் சொன்ன 'நாட் வாண்டட்', மணமாகாமல் தாயான ஒரு பெண்ணின் துயரக் கதை. அடுத்து வந்த 'நெவர் ஃபியர்', இளம்பிள்ளைவாதத்தால் கால் முடங்கிய நடனப் பெண்ணின் கதை. உண்மையான மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலேயே அதைப் படமாக்கினார். 16 வயதில் தாம் பட்ட அச்சம் அந்தப் படத்தில் பேசிற்று.

1950இல் 'அவுட்ரேஜ்' வந்தது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஓர் இளம்பெண் அதன் நாயகி. தணிக்கை விதிகள் கடுமையாக இருந்ததால் அக்குற்றத்தின் பெயரைக்கூடப் படத்தில் உச்சரிக்க முடியவில்லை. ஆனாலும், நடந்த கொடுமைக்குப் பின் ஊராரின் பார்வையும் முணுமுணுப்பும் ஒரு பெண்ணை எப்படித் துன்புறுத்துகின்றன என்பதை அவர் காட்டிவிட்டார். அதே ஆண்டில் அமெரிக்க இயக்குநர் சங்கத்தில் உறுப்பினரானார். அவருக்கு முன் அதில் இடம்பெற்ற பெண் டாரதி ஆர்ஸ்னர் ஒருவரே.

1953இல் அவர் இயக்கிய 'தி ஹிட்ச்-ஹைக்கர்', வழியில் ஏற்றிக்கொண்ட கொலைகாரனிடம் சிக்கிய இரண்டு நண்பர்களின் கதை. 'பெண்ணுக்குப் பெண் கதைதான் எடுக்க வரும்' என்ற பேச்சுக்கு அதுவே பதிலாயிற்று. அதே ஆண்டு 'தி பிகமிஸ்ட்' படத்தை இயக்கியதோடு அதில் நடிக்கவும் செய்தார். ஆனால், படங்களைத் தாங்களே விநியோகிக்கத் துணிந்தது நிறுவனத்துக்குப் பெருஞ்சுமையாகி, சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது.

ஐடா ஓய்ந்துவிடவில்லை. தொலைக்காட்சிக்குச் சென்று, துப்பறியும் கதை, குதிரை வீரர் கதை, நகைச்சுவை எனப் பல தொடர்களுக்கு இயக்குநராகப் பணியாற்றினார். 'தி ட்வைலைட் சோன்' என்ற முதல் தொடரில் ஒரு பகுதியை இயக்கிய ஒரே பெண் அவர்தாம். அது 1964இல் ஒளிபரப்பாயிற்று. 1966இல் 'தி ட்ரபிள் வித் ஏஞ்சல்ஸ்' என்னும் கடைசித் திரைப்படத்தை இயக்கினார். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், 77ஆம் வயதில் காலமானார்.

ஒரு செய்தியை மறக்கலாகாது. அவருடைய இயக்குநர் நாற்காலியின் முதுகில் 'எங்கள் எல்லோருக்கும் தாய்' என்று எழுதியிருந்தது. படப்பிடிப்பில் அவர் அதட்டி ஆணையிடமாட்டார். ஒரு தாய் பிள்ளைகளிடம் உதவி கேட்பதுபோல் கேட்டு வேலை வாங்குவார். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால், ஆண் இயக்குநருக்கு அப்படிப் பணிந்து பேசும் தேவை இருந்ததா? திறமை இருந்தும், தலைமை தாங்குவதற்குத் தாய் வேடம் போட வேண்டியிருந்தது என்பதே அக்காலத்தின் நிலை.

நேயர்களே, நம் தோட்டங்களிலும் பால்வெட்டும் கத்தியைப் பெண்கள் பிடித்தார்கள். மேற்பார்வையும் கணக்குப் புத்தகமும் பெரும்பாலும் ஆண்கள் கையில்தான் இருந்தன. உங்கள் வீட்டு மகள் ஒரு வேலையை ஓரமாக நின்று உற்றுப் பார்த்தால், 'உனக்கென்ன இங்கே வேலை?' என்று விரட்டிவிடாதீர்கள். அவள் கற்றுக்கொண்டிருக்கலாம்.