நாக்பூரில் நள்ளிரவில் கூடிய நாலு டகோட்டாக்கள்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. "அங்கே என்ன இருக்கு, ஆரஞ்சும் வெயிலும்தானே?" என்று ஊரில் கேட்காதவர்கள் பாக்கியில்லை. இருக்கிறது ஐயா. நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் கடிதங்கள் ஒரு காலத்தில் இந்த ஊர் வழியாகத்தான் பறந்தன. அந்தக் கதைதான் இது. நடுவில் கொஞ்சம் கம்ப்யூட்டர் விமானமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் சேவை தொடங்கியது. அப்போது தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய். ஏற்பாடு இவ்வளவுதான்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நாலு ஊரிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் கிளம்பும். நள்ளிரவு தாண்டி நாலும் நாக்பூர் சோனேகாவ் விமான நிலையத்தில் கூடும். தபால் பைகளை மாற்றிக்கொண்டு, விடியும்போது அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். என் போன்ற வங்கிக்காரனுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. இது நம்ம க்ளியரிங் ஹவுஸ் இல்லையா! ஆளாளுக்கு மற்றவன் செக்கைக் கொண்டுவந்து, ஒரே மேசையில் மாற்றிக்கொண்டு போன அதே பழைய சமாச்சாரம்.

ஏன் நாக்பூர்? மேப்பைப் பாருங்கள். நேர்கோட்டில் பம்பாய் சுமார் 680 கிலோமீட்டர், டெல்லி 850, சென்னை 910, கல்கத்தா 980. ஒரே ராத்திரியில் போய்த் திரும்ப இதைவிட வசதியான இடம் கிடைக்காது. அதே 1949 ஏப்ரலில் சாதாரணக் கடிதமும் கார்டும்கூடக் கூடுதல் ஸ்டாம்ப் இல்லாமல் விமானத்தில் போகலாம் என்று ஆனது. டெல்லியில் குமாஸ்தாவாக இருந்த நம்மூர்க்காரர் எழுதிய கார்டுக்கும் இறக்கை முளைத்தது அப்போதுதான்.

இந்த வேலையைச் செய்தது டகோட்டா. டக்ளஸ் கம்பெனியின் டிசி-3 முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17. அதன் ராணுவ வடிவம் சி-47, இரண்டாம் உலகப்போரில் பத்தாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். போர் முடிந்ததும் மிச்சம் கிடந்தவற்றை நம்ம விமானக் கம்பெனிகள் வாங்கின. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் பலவற்றைப் பயணிகள் விமானமாக மாற்றிக் கொடுத்தார்கள். எஞ்சின் இரண்டு, ஒவ்வொன்றும் 1200 குதிரைசக்தி. வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் சொச்சம்.

இனி என் கூத்து. என்னிடம் 2003-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் இன்னும் இருக்கிறது, பழைய கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அதில் ஆர்வலர்கள் இலவசமாகச் செய்து கொடுத்த ஒரு டகோட்டாவை ஏற்றி, இரவுத் தபால் விமானமாக மாற்ற உட்கார்ந்தேன். விமானத்தின் குணமெல்லாம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு எடை என்று வரிவரியாக, லெட்ஜர் மாதிரி. பயணிகளின் எடையில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் தபால் மூட்டை வைத்தேன். முழுவதையும் எடுக்கவில்லை, ஏனென்றால் அந்த விமானங்களில் பயணிகளும் போனார்கள். ஜிபிஎஸ்ஸை அணைத்தேன். திசை காட்ட ரேடியோ முள் ஒன்று மட்டும்.

ராத்திரி மூன்று மணிக்கு நாக்பூரில் கிளம்பி சென்னை. சிமுலேட்டரில் நேரத்தை எட்டு மடங்கு ஓட்டும் வசதி உண்டு, நான் தொடவில்லை. நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஜன்னலில் இருட்டு தவிர ஒன்றுமில்லை. கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் மேப்பில் மட்டும்தான். "இதுக்கு ஆபீஸ்லயே தூங்காம இருக்கலாமே" என்றார் தங்கமணி. பெண்ணாறு தாண்டும்போது இடது பக்கம் வெளுக்க ஆரம்பித்தது. அந்த அலுப்பு எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. இதைத்தான் அவர்கள் ராத்திரிதோறும், மழைக்காலத்திலும் செய்தார்கள்.

கடைசியில் பெயின்ட் வேலை. இந்திய விமானங்களின் பதிவு 'விடி' என்று தொடங்கும், பிறகு மூன்று எழுத்து. என்ன எழுதுவது என்று பழைய பதிவெண்களைத் தேடியபோதுதான் விடி-சிஹெச்எஃப் கண்ணில் பட்டது. 1953 ஆகஸ்டில் தனியார் கம்பெனிகளையெல்லாம் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 12 அதிகாலை, இதே நாக்பூரிலிருந்து சென்னைக்குத் தபாலோடும் பயணிகளோடும் கிளம்பிய அந்த டகோட்டா சற்று நேரத்திலேயே விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவரும் எம்.பி.யுமான ஹரிஹர்நாத் சாஸ்திரி அவர்களில் ஒருவர். பிழைத்தவர் விமானி மட்டும்.

நான் ஓட்டிய அதே பாதை, அதே நேரம். சிமுலேட்டரில் எஞ்சின் நின்றால் ஒரு பட்டனைத் தட்டி மறுபடி ஓடுபாதைக்கு வந்துவிடலாம். அந்த விபத்தைத் திரையில் நடத்திப் பார்க்கும் ஆட்கள் உண்டு, எனக்கு மனசு வரவில்லை. அந்த எண்ணையும் எழுதவில்லை, வேறு விமானத்தின் எண்ணையும் எழுதவில்லை. 'விடி' என்ற இரண்டு எழுத்தோடு நிறுத்திவிட்டேன். மீதி மூன்று எழுத்துக்கான இடம் காலியாகவே இருக்கிறது.

இன்று ஊருக்குப் பணம் போட ஃபோனில் இரண்டு தட்டு போதும். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஐம்பதுகளின் கடிதம் ஏதாவது கிடந்தால், தபால் முத்திரையில் இரண்டு ஊரின் தேதிகளையும் பாருங்கள். டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே ஒரே ஒரு ராத்திரிதான் என்றால், அந்தக் காகிதம் நான் இப்போது குடியிருக்கும் ஊரில் நடுராத்திரி விமானம் மாறி வந்திருக்கக்கூடும்.