இரண்டு கார்டு, ஒரு பூஜ்யம்

வழக்கமாக வட்டி, வரி என்று எழுதுபவன், இன்று கொஞ்சம் கணினிச் சரித்திரம் எழுதப் போகிறேன். பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

2004. வங்கி வேலை கிடைத்து புனேயில் நண்பனோடு அறை எடுத்திருந்தேன். ஆளுக்கொரு கணினி, ஆனால் கேபிள் இணைப்பு ஒன்றுதான். ஞாயிறு காலை அப்பா தஞ்சாவூரில் பிரவுசிங் சென்டருக்கு வந்து யாகூ மெசஞ்சரில் பேசுவார். நண்பனுக்கும் அதே நேரத்தில்தான் இணையம் வேண்டும். பழைய கணினி ஒன்றை வாங்கி லினக்ஸ் போட்டு, இரண்டு நெட்வொர்க் கார்டு செருகினேன். ஒன்று கேபிளுக்கு, மற்றது எங்கள் கணினிகளுக்கு. தனித்தனியாக இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. ஆனால் ஒன்றில் வந்தது மற்றதில் போகவில்லை. அந்த ஞாயிறு அப்பா ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ராத்திரிதான் பிடிபட்டது. லினக்ஸில் 'ஐபி ஃபார்வர்ட்' என்று ஒரு சுவிட்ச். அதன் மதிப்பு 0. அதை 1 ஆக்கினால்தான் பாக்கெட்டுகள் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும். எந்தப் புண்ணியவான் இதை 0 என்று வைத்தான் என்று திட்டினேன். பிறகு படித்துப் பார்த்தால், அதற்குப் பின்னால் ஒரு கதையே இருக்கிறது.

1974-இல் வின்ட் செர்ஃபும் பாப் கானும் தங்கள் கட்டுரையில், வெவ்வேறு நெட்வொர்க்குகளை இணைக்க நடுவில் 'கேட்வே' என்ற கணினி வேண்டும் என்றார்கள். 1977 நவம்பரில் ரேடியோ, செயற்கைக்கோள், ஆர்ப்பாநெட் என்ற மூன்று நெட்வொர்க்குகளைத் தாண்டித் தகவல் போனது. எண்பதுகளில் சாதாரண யூனிக்ஸ் கணினிகளே இந்த வேலையைச் செய்தன. சிக்கல் அங்கேதான். சன் ஓஎஸ் போன்றவற்றில் இரண்டு கார்டு இருந்தாலே போதும், யாரும் சொல்லாமலே கணினி பாக்கெட்டுகளைக் கைமாற்றத் தொடங்கிவிடும். தப்பான வழியில் அனுப்பினாலும் உரிமையாளருக்கே தெரியாது.

1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற விதித்தொகுப்பு இதற்குத் தடை போட்டது. இரண்டு கார்டு இருக்கிறது என்பதற்காக ஒரு கணினி தானாகவே கேட்வே ஆகக் கூடாது. அதை நடத்துபவருக்கு விருப்பமோ திறமையோ இல்லாமல் இருக்கலாம் என்றது. அந்த 0 இந்த எச்சரிக்கையின் வழி வந்ததுதான்.

1 போட்ட பிறகும் ஒரு வேலை பாக்கி. எங்கள் 192.168 முகவரிகள் வீட்டுக்குள் மட்டும்தான் செல்லும். அப்படித் தனியாருக்கென்று ஒதுக்கியது 1994-இல். வெளியே போகும்போது முகவரியை மாற்றும் 'நேட்' முறை 1994-இல் எழுதப்பட்டது. லினக்ஸில் இதை 'மாஸ்கரேடிங்' என்பார்கள். 2001-இல் வந்த 2.4 கெர்னலில் ஐபிடேபிள்ஸ் இதைச் செய்தது. எங்கள் கிளைத் தபால் மாதிரிதான். யார் எழுதினாலும் கடிதம் கிளையின் முகவரியில் போகும், பதிலும் கிளைக்கே வரும். எந்த மேஜைக்கு உரியது என்று பதிவேடு சொல்லும்.

வங்கியில் ஒருவர் போட்ட பதிவை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தராமல் பணம் நகராது. வாடிக்கையாளர் வரிசையில் நின்று எரிச்சல்படுவார், நியாயம்தான். ஆனால் யாரும் சொல்லாமலே நகர்ந்துவிட்ட பணத்தைத் தேடி அலைந்தவர்களுக்கு அந்தத் தாமதத்தின் அருமை தெரியும். அந்த 0-வும் அப்படித்தான்.

இன்று பல வீடுகளில் உள்ள வைஃபை பெட்டிக்குள் லினக்ஸ்தான் ஓடுகிறது. கைமாற்றுவதே அதன் வேலை என்பதால் தயாரிக்கும்போதே 1 போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா வந்தார். "என்னடா, போன வாரம் ஆளையே காணோம்?" என்றார். "ஒரு சைபரால வந்த வினைப்பா" என்றேன். "பேங்க்ல போடற கணக்குல பார்த்துப் போடு" என்றார்.

உங்கள் வீட்டில் முதல் இணைப்பு எப்படி வந்தது? நேரமிருந்தால் சொல்லுங்கள்.