நடுவுல ஒருத்தர் இருந்தார்

அமெரிக்காவில், கான்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் இருந்தார். சாவுக் காரியங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது தொழில். அந்தக் காலத்தில் போனை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் ஒரு ஆபரேட்டர் பேசுவார், யார் வேண்டும் என்று சொன்னால் இணைப்பார். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பி விடுகிறார் என்று ஸ்ட்ரோஜருக்குச் சந்தேகம். (அந்த ஆபரேட்டர் போட்டிக்காரரின் மனைவி என்று கூட ஒரு கதை உண்டு.) வேற ஆளா இருந்தா சண்டைக்குப் போயிருப்பார். இவர் ஆபரேட்டரே தேவைப்படாத எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891ல் காப்புரிமை வாங்கி விட்டார். அடுத்த வருஷமே இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் என்ற ஊரில் அது ஓட ஆரம்பித்தது.

பொட்டி தட்டுற எனக்கெல்லாம் இவர்தான் கொள்ளுத் தாத்தா. எங்க மீட்டிங்கில் அடிக்கடி வரும் கேள்வியே "இந்த இடத்துல எதுக்கு ஒரு ஆளு?" என்பதுதான். தகவல் தொடர்பின் வரலாறு என்று புத்தகத்தில் போடுவது எல்லாம், என் பார்வையில், நடுவில் இருந்த ஆட்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிய வரலாறு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவில் அஞ்சலட்டை வந்தது 1879ல். விலை காலணா. மூடி ஒட்டாத கடிதம், தபால்காரர் படிக்கலாம். படித்தார். படிக்கத் தெரியாத வீடுகளில் அவர்தான் படித்துக் காட்டணும், பதிலும் அவரே எழுதித் தரணும். நல்ல சேதி என்றால் கடித மூலையில் மஞ்சள், சாவுச் சேதி என்றால் கறுப்பு மை. அதைக் கையில் எடுத்த எல்லோருக்கும், எழுத்தே தெரியாதவர்களுக்கும், அந்த வீட்டில் என்ன என்று புரிந்து விடும்.

தந்தி இன்னும் விசேஷம். பெரும்பாலும் இங்கிலீஷில் வரும். "ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்று இருந்தால் கிராமத்தில் யார் படிப்பது? எங்க ஆச்சி சொன்ன கதை இது. சாத்தூர் பக்கம் ஒரு கிராமம், 1970களின் கடைசி. தாத்தா மெட்ராஸில் வேலை. ஆச்சியின் அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்தது. கொண்டு வந்தவர் படித்துச் சொல்லி விட்டுப் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிட்டு, பிள்ளைகளை அவங்களிடம் விட்டு, ஆச்சியைச் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு போய் விட்டாராம். பஸ் காசும் அவர்தான். இதெல்லாம் எந்தத் துறையின் விதியிலும் இருந்திருக்காது. சேதியைக் கொடுத்தவர் அங்கே நின்றார், அவ்வளவுதான்.

டெலிபோன் கல்கத்தா, பம்பாய், மதராஸுக்கு 1882லேயே வந்து விட்டது. ஆனால் வெளியூர் பேச ரொம்ப காலம் ட்ரங்க் கால்தான். ஆபரேட்டரிடம் புக் பண்ணி விட்டுக் காத்திருக்கணும். ஆபரேட்டர் இல்லாமல் நேரே வெளியூருக்குச் சுழற்றும் எஸ்.டி.டி வசதி 1960ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில்தான் முதலில் வந்தது. அப்புறமும் வீட்டுக்கு வீடு போன் கிடையாதே! அதனால் முகவரிக்குக் கீழே 'பிபி' என்று போட்டு அடுத்த வீட்டு நம்பரை எழுதுவோம். போன் வந்தால் அந்த வீட்டு அக்கா ஓடி வந்து கூப்பிடுவாங்க.

80களின் கடைசியில் மஞ்சள் போர்டு எஸ்.டி.டி பூத்கள் வந்தன. கண்ணாடிக் கூண்டு, சிவப்பில் ஓடும் எண்கள், இரவு பதினொரு மணிக்கு மேல் கட்டணம் குறையும் என்று நிற்கும் கூட்டம். அழுதுகொண்டே வெளியே வருபவருக்குத் தண்ணி கொடுத்து, "காசு அப்புறம் தாங்க" என்று சொல்ல பூத்துக்காரர் ஒருவர் இருந்தார்.

1995 ஜூலை 31ல் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு, மத்திய அமைச்சர் சுக்ராமிடம் செல்போனில் பேசினார். 2003ல் இன்கமிங் இலவசம் ஆனது. கூண்டுகள் ஒவ்வொன்றாக ஜெராக்ஸ் கடை ஆயின. 2013 ஜூலை 14 இரவோடு தந்தியும் போயிற்று.

பழசு எல்லாம் பொன்னு என்று புலம்ப வரவில்லை. ஆபரேட்டர் ஒட்டுக் கேட்பார். அஞ்சலட்டை விஷயம் ஆள் போய்ச் சேரும் முன் ஊர் போய்ச் சேரும். புகுந்த வீட்டில் படும் கஷ்டத்தை அடுத்த வீட்டு ஹாலில், அந்த வீட்டுக்காரர்கள் முன்னால் நின்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? எத்தனை பெண்கள் "நல்லா இருக்கேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்திருப்பார்கள்? ஸ்ட்ரோஜரின் கோபத்தில் நியாயம் இருந்தது. இன்றைக்குத் தனியாக, ரகசியமாகப் பேச முடிவது பெரிய விடுதலை. அதைத் திருப்பிக் கொடுக்க நான் தயாராக இல்லை.

ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் எங்க பெரியப்பா தவறியது வாட்ஸப் குரூப்பில்தான் எனக்குத் தெரிந்தது. ஆபீஸில் இருந்தேன். பத்து நிமிஷத்தில் நாற்பது கும்பிடும் கைகள். பக்கத்து சீட்டில் இருந்தவன் ஹெட்போன் மாட்டி வேலை பார்த்துக் கொண்டிருந்தான். அவன் மேல் தப்பே இல்லை, அவனுக்கு எப்படித் தெரியும்? பஸ் டிக்கெட் போனிலேயே போட்டேன், பெருங்களத்தூர் வரை வண்டியும் போனிலேயே வந்தது. ஊர் போய்ச் சேரும் வரை பன்னிரண்டு மணி நேரம், ஒரு ஆளிடமும் "பெரியப்பா போயிட்டார்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆச்சிக்கு வந்த தந்தியை விட எனக்குச் சேதி சீக்கிரம் வந்தது. பஸ்ஸும் சீக்கிரம் கிடைத்தது. எங்க மீட்டிங் கணக்குப்படி எல்லாமே சரியாகத்தான் நடந்தது.

சரி மக்களே, உங்க வீட்டுப் 'பிபி' நம்பர் யார் வீட்டோடது? பெரியவங்க கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. முடிஞ்சா நேர்ல உட்கார்ந்து கேளுங்க.