மலைத் தோட்டத்தின் கணக்கு

இன்ஜினியருக்கு விவசாய வரலாறு எதற்கு என்று சிலர் சிரிக்கலாம். ஏற்காடு மலையில் உள்ள செம்மநத்தம்தான் எனக்குச் சொந்த ஊர். நாலு தலைமுறையாக எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது மலைத் தோட்டம். அதன் கணக்கு நம்ம பாடப் புத்தகத்தில் இல்லை.

சேர்வராயன் மலையில் காபி வருவதற்கு முன்பே சாமையும் கேழ்வரகும் இருந்தன. மலையாளி எனப்படும் மலைமக்கள் சரிவுகளில் இவற்றை விதைத்து, ஆடு மாடு வளர்த்தார்கள். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காபியைக் கொண்டுவந்தார். பிறகு ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் நிழலுக்கு வந்தது. அதன்மேல் மிளகுக் கொடி ஏறியது. ஊடே ஆரஞ்சு, பலா, வாழை. இப்படித்தான் சிறு குடும்பங்களின் தோட்டம் உருவானது.

ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 1869-ல் அங்கே தோன்றிய இலைத் துரு நோய் காபித் தோட்டங்களை அழித்தது. பணம் இருந்த துரைமார்கள் தேயிலைக்கு மாறிக்கொண்டார்கள். மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் புதுச் செடி காய்க்கும்வரை எதைச் சாப்பிடுவார்?

ஆனால், பல பயிர் இருந்தால் மட்டும் போதுமா? 1989-ல் சர்வதேச காபி ஒப்பந்தத்தின் கோட்டா முறை முறிந்தது, விலை சரிந்தது. 1994-ல் பிரேசிலில் உறைபனி விழுந்தது, இங்கே விலை ஏறியது. 1996-ல் காபி முழுவதையும் வாரியத்துக்குக் கொடுக்காமல் நாமே விற்கும் சுதந்திரம் கிடைத்தது. 2001-ஐ ஒட்டி காபி மறுபடி விழுந்தபோது மிளகு தாங்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அதுவும் கூடவே விழுந்தது. ஒரு மோட்டார் நின்றால் இன்னொன்று ஓடட்டும் என்று இரண்டு வைக்கிறோம். இரண்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர் என்றால் என்ன பயன்? காபிக்கும் மிளகுக்கும் டிரான்ஸ்பார்மர் உலகச் சந்தை.

அந்த வருஷங்களில் எங்கள் அடுப்பை எரிய வைத்தது சந்தைக்குப் போன பலாவும் பாலும், மேட்டுக்காட்டுச் சாமையும்தான். இவற்றின் விலையைப் பிரேசில் பனி தீர்மானிப்பதில்லை.

தாத்தா காலத்தில் பாகம் பிரித்தபோதும் இந்த அறிவு இருந்தது. ஒருத்தருக்குக் காபி, ஒருத்தருக்கு மேட்டுக்காடு என்று வெட்டவில்லை. ஒவ்வொரு பங்கிலும் கொஞ்சம் தோட்டம், கொஞ்சம் மேட்டுக்காடு, ஓடைத் தண்ணீருக்கு வழி. துண்டு சின்னதாகத்தான் போச்சு, ஆனால் யாரும் ஒற்றைப் பயிரில் மாட்டிக்கொள்ளவில்லை.

2025-ல் அராபிக்கா காபியின் விலை உலகச் சந்தையில் வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது. சாமைக் காட்டையும் காபியாக்கு என்று மனசு சொல்கிற நேரம் இது. வீட்டில் நிலம் உள்ள தம்பி தங்கைகளே, ஒரு தாள் எடுத்து ஒவ்வொரு பயிருக்கும் எதிரே மூன்றே விஷயம் எழுதுங்கள்: எந்த மாதம் பணம் வரும், எந்த நோய் தாக்கும், விலையை யார் வைக்கிறார்கள். மூன்றாவது கட்டத்தில் எல்லா வரியிலும் ஒரே பதில் வந்தால், உடனே அப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள்.